முறை மாறிய ரசிகர் கதைகள்: தடை வேண்டாம், முதல் வரியில் ஒரு குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரசிகர் புனைவுகள் பற்றி வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி இப்பகுதியில் வந்த கடிதங்களையும் படித்தேன். மூலக்கதையில் அண்ணன் தங்கையாகவோ அக்காள் தம்பியாகவோ பெரியப்பா சித்தப்பா மக்களாகவோ வருகிற பாத்திரங்களை எடுத்து, அவர்களைக் காதலர்களாக்கி எழுதும் பழக்கம் கல்லூரிப் பிள்ளைகளிடம் பெருகிவிட்டதாகக் கட்டுரையாளர் வருந்தியிருந்தார்; இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்றும் முடித்திருந்தார். மறுப்பெழுதிய வாசகர் ஒருவர், எல்லாம் கற்பனைதானே, காகிதத்து மனிதர்களுக்கு ஏது உறவு என்று கேட்டிருந்தார். கட்டுரையாளரின் வருத்தத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்ன தீர்வை ஒப்புக்கொள்ளவில்லை. மறுப்பெழுதியவரின் வாதமோ எனக்குத் தடையைவிட மோசமாகப் படுகிறது. கதை மாந்தருக்கு உறவு ஒரு பொருட்டில்லை என்றால் அவர்களைக் கடன் வாங்கி எழுதவேண்டிய தேவையே இல்லையே. புதிய பெயர் இரண்டை வைத்துக்கொண்டு எழுதிவிட்டுப் போகலாமே. மூலக்கதையின் உறவை மாற்றி எழுதலாம். மாற்றியதை வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மாற்றியதன் விளைவைக் கதைக்குள் சுமக்கவும் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இந்த வகை எழுத்தைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில சொற்கள். தமக்குப் பிடித்த நாவல், படம், தொடர் இவற்றின் பாத்திரங்களை வைத்து, பெரும்பாலும் ஊதியம் எதிர்பாராமல், ரசிகர்களே எழுதும் கதை ரசிகர் புனைவு. ஆங்கிலத்தில் இதற்கெனவே பெருந்தளங்கள் இருக்கின்றன. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற தளத்தை 2007இல் தோன்றிய ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. அறிவியல் புனைவுலகில் பெரிதாக மதிக்கப்படும் ஹியூகோ விருது 2019இல் அத்தளத்துக்குக் கிடைத்தது. தமிழில் எழுதும் பிள்ளைகள் வாட்பேட், பிரதிலிபி போன்ற செயலிகளை நாடுகிறார்கள். இரு பாத்திரங்களைச் சேர்த்து வைப்பதை ‘ஷிப்’ பண்ணுவது என்கிறார்கள். மேற்சொன்ன ஆங்கிலத் தளத்தில் ஓர் ஒழுங்கு உண்டு: இரண்டு பெயர்களுக்கு நடுவில் சாய்கோடு போட்டால் அது காதல் கதை, ‘அண்ட்’ (&) குறி போட்டால் நட்போ உடன்பிறப்புப் பாசமோ. கொடிய வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் முதலிய சிலவற்றுக்கு எழுதுபவர் எச்சரிக்கை தரவேண்டும், தராவிட்டால் தரவில்லை என்றாவது அறிவிக்க வேண்டும். உறவுமுறை மீறலோ அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எழுதுபவர் தாமாகக் குறித்தால்தான் உண்டு. அதுவே குறை என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக் கதைகளில் இந்தச் சிக்கல் பழையது. 1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு லூக்கையும் லேயாவையும் இணைத்துப் பார்த்த ரசிகர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது. படமே அப்படித்தான் ஆசை காட்டியது. 1980இல் வந்த அடுத்த படத்தில் முத்தக் காட்சியே இருந்தது. அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதை 1983இல் வந்த மூன்றாம் படம்தான் சொன்னது. ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற தொடரின் கதை வேறு. சாம், டீன் இருவரும் அண்ணன் தம்பி என்பது தொடக்கத்திலிருந்தே ஊருக்குத் தெரியும். தெரிந்தேதான் ரசிகர்கள் அவர்களை இணைத்து எழுதினார்கள். தொடரை எடுத்தவர்களும் சளைக்கவில்லை. தங்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதப்படுவதை அந்த அண்ணனும் தம்பியும் கண்டு முகம் சுளிக்கிற காட்சியை 2009இல் ஓர் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ஜான் ஸ்னோவும் டெனேரிஸும் உறவு தெரியாமல் காதலிக்கிறார்கள். பிறகு பார்த்தால் அவள் அவனுடைய தந்தையின் தங்கை. நம் கணக்கில் அத்தை. அத்தை மகளாக இருந்திருந்தால் பந்தக்கால் நட்டிருப்போம்.

அந்த ஊர்ச் சண்டைகளின் அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கட்டிக்கொள்ளும் முறை. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா சித்தி பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள். இரண்டு வகையும் இரத்தத்தில் ஒரே தூரம்தான், ஆனால் நம் வீடுகளில் அவற்றுக்கிடையே பெருஞ்சுவரே இருக்கிறது. அத்தானை, மயினியைக் கேலி பேசலாம். சித்தப்பா மகனிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நம் குமரி மாவட்டத்துக்குள்ளேயே வழக்கம் ஒன்றுபோல் இல்லை. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் மாமன் மகளைக் கட்டுவதென்றால் திருச்சபையின் விதிவிலக்கு பெற்றாக வேண்டும். இஸ்லாமியச் சட்டமோ சித்தப்பா மகளை மணப்பதற்கும் இடம் தருகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. அந்த ஏற்பாட்டில் மனைவியரும் மக்களும் பட்ட பாட்டைத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று நகையும் கண்ணீருமாகப் பாடி வைத்தார். கொல்லம் ஆண்டு 1101இல் (கி.பி. 1925-26) திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. யார் யாருக்கு என்ன முறை என்பது இங்கே பாசத்தை மட்டும் சார்ந்த செய்தியாக இருந்ததில்லை. வயலும் வீடும் யார் கைக்குப் போகும் என்பதை அதுவே தீர்மானித்தது. இப்படிப்பட்ட மண்ணிலிருந்து எழுதும் பிள்ளை, உறவைக் கதையின் ஓரத்துச் சரிகையாக நினைத்துக் கிழித்துப் போடும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செயலியில் படித்த ஒரு கதையைச் சொல்கிறேன். எழுதியவரைக் குறிப்பிடப் போவதில்லை. தொலைக்காட்சிக் குடும்பத் தொடர் ஒன்றின் பாத்திரங்கள். ஒரே கூரையின்கீழ் வாழும் இரு சகோதரர்கள், மூத்தவரின் மகன், இளையவரின் மகள். முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண் காப்பித் தம்ளரை நீட்டி, “அண்ணா, ஆறிடப் போகுது” என்கிறாள். மூன்றாவது அத்தியாயத்தில் ‘அண்ணா’ மறைந்து வெறும் ‘நீங்க’ மட்டும் நிற்கிறது. ஆறாவதில் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். நடுவில் எதுவும் நடக்கவில்லை. அவள் ஓர் இரவு உறங்காமல் புரண்டதாகவோ, அவன் வீட்டைவிட்டுப் போக நினைத்ததாகவோ, பூசையறையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ஏதோ பொறி தட்டியதாகவோ ஒரு வரி இல்லை. அந்தப் பாட்டியே ஐந்தாவது அத்தியாயத்தோடு காணாமல் போகிறார். அவர் இருந்தால் கேள்வி கேட்பார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது போலும். ஒழுக்கக் கேடு என்று நான் இதைச் சொல்ல வரவில்லை. நெஞ்சைப் பிளக்கக்கூடிய ஒரு சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொடவே தொடாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். இது எழுத்துச் சோம்பல்.

இதற்கு நேர்மாறான பாடம் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னைக் கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். 2022இலும் 2023இலும் படமாக வந்தபின் அந்தப் பாத்திரங்களை வைத்து எழுதும் பிள்ளைகள் பெருகினார்கள். குந்தவையையும் நந்தினியையும் இணைத்த கதைகள் பல. இருவரும் பெண்கள் என்பதைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. என் கேள்வி, நாவலில் குந்தவை நந்தினியை யாரென்று நினைக்கிறாள் என்பது. தன் தந்தை சுந்தர சோழர் இளமையில் தீவொன்றில் ஊமைப் பெண்ணோடு வாழ்ந்த கதையைக் கேட்டு, முகச் சாயலையும் சேர்த்துப் பார்த்து, நந்தினி தன் தந்தைக்குப் பிறந்தவள் என்றே குந்தவை நம்புகிறாள். நம்பியதோடு நில்லாமல் அந்தச் செய்தியை வந்தியத்தேவன் மூலம் அண்ணனுக்கும் சொல்லி அனுப்புகிறாள். யாரை நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடித்த நிலையில் இருக்கிறானோ அவள் தன் உடன்பிறந்தாள் என்று கேட்ட ஆதித்த கரிகாலன் என்ன ஆகிறான் என்பதுதான் கடம்பூர் மாளிகைப் பகுதி முழுவதற்கும் அடித்தளம். காதலும் உடன்பிறப்பும் மோதும் இடத்தைக் கல்கி கண்ணை மூடிக்கொண்டு கடக்கவில்லை. கதையின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். இதை அறியாமலே குந்தவை-நந்தினி காதல் கதை எழுதுபவர், எதிரே கிடக்கும் பொன்னை மிதித்துக்கொண்டு போகிறார். அறிந்து எழுதினால், தான் அனுப்பிய சொல்லே தன்னைத் திருப்பித் தாக்கும் குந்தவை கிடைப்பாள். அவளைப் போல ஒரு பாத்திரத்துக்காக எந்த எழுத்தாளரும் தவம் கிடக்கலாம்.

பூங்குழலி இன்னும் நுட்பமானவள். அவளைக் குந்தவையின் தம்பி அருள்மொழியோடு சேர்த்து வைக்கும் ஆசை நாவல் வாசகர்களிடம் நெடுங்காலமாக உண்டு. கோடிக்கரையில் படகு தள்ளிய அந்தப் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது. நாவலின் தொடக்கத்தில் பார்த்தால் அவளுக்கும் இளவரசனுக்கும் உறவே இல்லை. குலமும் செல்வமும்தான் தடை. அவளைச் சுற்றிச் சுற்றி வருகிற சேந்தன் அமுதன் அவளுக்கு அத்தை மகன், ஆகவே முறைமாப்பிள்ளை. முடிவில் என்ன ஆகிறது? சேந்தன் அமுதன் அவளுடைய அத்தை வாணி அம்மையின் வயிற்றில் பிறந்தவன் அல்லன், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த சோழ இளவரசன் என்று தெரியவருகிறது. அந்த நொடியில் அவன் அவளுக்கு அத்தை மகன் இல்லாமல் போகிறான். ஆயினும் அவனைத்தான் அவள் மணக்கிறாள். கண்டராதித்தரும் அரிஞ்சயரும் உடன்பிறந்தவர்கள், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். ஆக, சுந்தர சோழருக்குத் தம்பி முறையான சேந்தன் அமுதன் அருள்மொழிக்குச் சித்தப்பா. இளவரசனுக்காக ஏங்கி அலைகடலில் பாடிய பெண், கடைசியில் அவனுக்குச் சித்தி ஆகிறாள்! உறவுமுறையை வைத்து இதைவிடக் கொடிய, இதைவிட மென்மையான ஒரு விளையாட்டை யாரால் ஆட முடியும் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். முடிசூட்டு விழாவுக்குப் பிந்தைய அருள்மொழியையும் பூங்குழலியையும் காதலர்களாக வைத்து எழுதுகிறவர், இந்தச் சித்தி முறையை மறந்துவிட்டு எழுதினால் கல்கியின் வேலையையே அழித்துவிட்டு எழுதுகிறார் என்று பொருள்.

குந்தவையையும் அருள்மொழியையுமே இணைத்து எழுதுவோரும் உண்டென்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அதைப் படித்துப் பலரும் கொதித்திருப்பார்கள். கொதிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கதைக் கலையாக மட்டும் பார்த்தாலும் அது தேறாது. ஈழப் போர்க்களத்திலிருந்து அருள்மொழியைத் திரும்பி வரச் சொல்லும் ஓலைக்கு இருக்கும் ஆற்றல், அது அக்காளின் ஓலை என்பதில்தான் இருக்கிறது. வரலாற்றிலும் அப்படியே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், தாம் கொடுத்தவற்றை அடுத்து அக்கன் கொடுத்தவற்றையும், அதற்குப் பின்னரே தம் பெண்டுகள் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்னவர் இராசராசராகிய அருள்மொழி. அந்த அக்கனை எடுத்துவிட்டால் குந்தவையும் இல்லை, அருள்மொழியும் இல்லை. அதே பெயர்களைப் போர்த்திக்கொண்ட வேறு இருவர்தான் மிஞ்சுவர். (அந்தக் குடும்பம் நமக்கு அயலும் இல்லை. சுசீந்திரம் ஒரு காலத்தில் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம். கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர்.)

அப்படியானால் உறவை மாற்றவே கூடாதா என்று கேட்பார்கள். மாற்றியவர்கள் நம் நாட்டிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இருந்தார்கள். பௌத்தரின் தசரத ஜாதகம் என்னும் கதையில் இராமனும் இலக்குவனும் சீதையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வனவாசம் முடிந்து திரும்பியபின் சீதை இராமனுக்கு அரசியாகிறாள். குணபத்திரரின் உத்தர புராணம் என்னும் சமண நூலில் சீதை இராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். கம்பனில் ஊறிய என் காதுக்கு இவை இரண்டுமே உவப்பாக இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் புலவர்களின் நேர்மையை மதிக்கிறேன். தசரதனுக்கு மூத்த அரசியிடம் பிறந்த மூவர் இவர்கள் என்று ஜாதகம் கதையின் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. சீதை மகள் என்ற முடிச்சைப் போட்டபின், இராவணன் அவளைக் கவர்ந்து வருவது தானறியாமல் தன் குலத்துக்கே தேடிக்கொண்ட கேடு என்று கதையின் பொருளே மாறிவிடுகிறது. ஒரு உறவை மாற்றினார்கள், அதற்கேற்பக் கதை முழுவதும் திரும்பிப் படுத்தது. இன்றைய பிள்ளைகள் உறவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நம் ஊர் வில்லுப்பாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தம்பிமார் கதையைக் கோயில் கொடைகளில் கேட்டவர்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர் அரசுரிமை மருமக்கள் வழியில் போனதால் அரசரின் மக்களான வலிய தம்பிக்கும் குஞ்சுத் தம்பிக்கும் நாடு இல்லை. சகோதரி வழி வந்த மார்த்தாண்ட வர்மர் 1729இல் அரசரானார். கதைப்பாடலின் ஒரு வழக்கில் பகைக்குக் காரணம் தம்பிமாரின் தங்கை. அவளை மார்த்தாண்ட வர்மர் பெண் கேட்கிறார். மாமன் மகள், முறைப்பெண். முறையில் எந்தக் கோளாறும் இல்லை. அரசுரிமை பற்றிய நிபந்தனைதான் குறுக்கே விழுகிறது. தாய்மாமன் வீட்டுப் பெண் கேட்பு ஒன்று கொலைகளில் போய் முடியும் அந்தக் கதையை, அவர்கள் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் எந்தப் புலவராலும் ஓர் அடிகூடப் பாட முடியாது.

தடை என்ற பேச்சுக்கு வருகிறேன். எந்தப் பட்டியலை வைத்துத் தடுப்பது? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை எடுத்தால், விலக்கப்பட்ட உறவுகளில் உடன்பிறந்தாரோடு, தாய்மாமனும் அக்காள் மகளும் வருகிறார்கள். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும்கூட வருகிறார்கள். வழக்கம் இடம் தந்தால் மணக்கலாம் என்ற விலக்கும் அச்சட்டத்திலேயே இருப்பதால்தான் நம் அத்தான்மார் தப்பினார்கள். திருச்சபைச் சட்டத்தை எடுத்தால் வேறு பட்டியல். ஷரீஅத்தை எடுத்தால் இன்னொன்று. ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை கணக்கு இருக்கும்போது, கதைக்கு எந்தக் கணக்கப்பிள்ளையை அமர்த்துவது? கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பதிப்புரிமையைச் சொல்லியும் தடுக்க வழியில்லை. மூல ஆசிரியர் உயிரோடு இருக்கும் கதைகளில், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவருக்குத் தருகிறது. அதை அவர் பார்த்துக்கொள்வார். இரண்டு எல்லைகளை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிறுவர் சிறுமியராக வரும் பாத்திரங்களைக் காதல் கதைக்குள் இழுப்பதை எந்த முன்குறிப்பும் நியாயப்படுத்தாது. நடிகர் நடிகையரின் சொந்தப் பெயரிலேயே, அவர்களுடைய உண்மைக் குடும்பத்தாரையும் சேர்த்து, இப்படி எழுதுவது புனைவு ஆகாது, அது வம்பு.

இவற்றைத் தவிர்த்த மற்றக் கதைகளைத் திருத்த முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதி வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் பூங்குழலிக் கதை ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். உத்தம சோழர் என்ற பெயரில் முடிசூடிய சேந்தன் அமுதனின் அரசியான பூங்குழலி, யாருக்கும் சொல்லாமல் கோடிக்கரைக்கு வந்து கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்கிறாள். அருள்மொழியும் அங்கே வருகிறான். உப்புக் காற்று, சதுப்பு நிலம், எரிகிற விளக்கு எல்லாம் நன்றாக அமைந்திருந்தன. ஆனால் அத்தனை நீண்ட உரையாடலில் அவன் அவளை ஒரு முறையும் எதுவும் சொல்லி அழைக்கவில்லை. இப்போது அவளை அவன் என்னவென்று கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார், முகம் மாறியது. “சித்தின்னுதானே சார் கூப்பிடணும்?” என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த பிரதியில் வேறு எதையும் அதிகம் மாற்றவில்லை. அருள்மொழி வாயெடுத்து, ‘சி’ என்ற எழுத்தோடு நின்றுவிடுகிறான். பூங்குழலி, “சொல்லிவிடுங்கள், கேட்டுப் பழக வேண்டும்” என்கிறாள். அதன்பின் அவர்கள் காதலைப் பற்றிப் பேசவே இல்லை, படகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கட்டுரையாளரின் தடை நடைமுறையில் இருந்தால் இந்தக் கதையும் போயிருக்கும். மறுப்பெழுதியவர் சொன்னபடி உறவைத் துறந்திருந்தால் இந்தக் கதை பிறந்தே இருக்காது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சிறுகதைக்கு இடம் தருகிறீர்கள். ரசிகர் புனைவுக்கும் அதில் இடம் கொடுங்கள். கொடுக்கும்போது, கதைக்கு மேலே எழுதுபவரே தன் கைப்பட ஒரு குறிப்புத் தர வேண்டும் என்று விதி வையுங்கள். எந்த மூலக்கதை, அதில் இவர்களுக்கு என்ன முறை, தன் கதையில் அந்த முறை அப்படியே இருக்கிறதா மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் எந்த இடத்திலிருந்து என்பதைச் சொன்னால் போதும். படிக்க விரும்பாதவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பெற்றோர் தம் பிள்ளைக்கு வேண்டாமென்றால் விலக்கிக்கொள்வார். எழுதுகிற பிள்ளைக்கோ, அந்தக் குறிப்பை எழுதி முடிப்பதற்குள் கதையில் பாதி வேலை நடந்துவிடும். பிரதியைத் தேர்ந்தெடுக்கும் தங்கள் உதவி ஆசிரியர்களும், முறை மாறியிருக்கிறதா என்று கேட்பதோடு விட்டுவிடாமல், மாறியதை ஒட்டி வீட்டிலுள்ள மற்றவர்களும் மாறியிருக்கிறார்களா, தாயும் பாட்டியும் வாய்மூடி இருப்பதற்குக் கதைக்குள் காரணம் இருக்கிறதா என்று பார்த்தால் நல்லது.

குறிப்பு நீளமாக இருக்கவேண்டிய தேவையில்லை. குந்தவை-நந்தினி கதை எழுதுகிறவருக்கு, “இக்கதையில் நந்தினி சுந்தர சோழரின் மகள் அல்லள், அது குந்தவைக்குத் தொடக்கத்திலேயே தெரியும், கரிகாலனுக்கு அவள் அந்தச் செய்தியை அனுப்பவே இல்லை” என்ற அளவு போதும்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.